சதுரம் இல்லாத சதுக்கம்!

ரோம் நகரின் காம்பிடோலியோ குன்று: ஒரு சிவில் மாணவியின் பார்வையில்



சதுக்கம் என்று சொன்னதும் நம் மனக்கண்ணில் என்ன வருகிறது? நாலு பக்கமும் சமமாக, மூலைக்கு மூலை 90 டிகிரியில் மட்டம் பார்த்து வைத்த ஒரு மைதானம். இல்லையா? ஆனால் உலகத்தின் மிக அழகான சதுக்கங்களில் ஒன்று என்று கட்டடக் கலைஞர்கள் போற்றும் ஓர் இடத்தில் ஒரு மூலைகூட 90 டிகிரி கிடையாது! இத்தாலி நாட்டின் தலைநகரான ரோமில், ஒரு குன்றின் உச்சியில் இருக்கிறது அந்த இடம். பெயர் காம்பிடோலியோ.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ரோமுக்குப் போனவள் இல்லை. விமானத்தையே அண்ணாந்துதான் பார்த்திருக்கிறேன். நம் நூலகத்தில் ஒரு கட்டடக் கலைப் புத்தகத்தில் இந்தச் சதுக்கத்தின் பிளான் கிடைத்தது. டிராயிங் பழகுவதற்காக அதை என் ஷீட்டில் பெரிதாக வரைய ஆரம்பித்தேன். ஒவ்வொரு கோடும் "ஏன் இப்படி?" என்று கேட்க வைத்தது. பதில் தேடித் தேடிப் படித்தேன். பென்சில் முனையிலேயே அந்தக் குன்றில் ஏறி இறங்கினேன் என்றால் மிகையாகாது. நீங்களும் கூட வாருங்கள்.

ஏழில் சின்னது, புகழில் பெரியது

ரோம் நகரம் ஏழு குன்றுகளின் மேல் எழுந்தது என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்போம். அந்த ஏழில் சின்னக் குன்று இந்தக் கேப்பிடோலைன் குன்றுதான். ஆனால் மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது! இதற்கு இரண்டு சிகரங்கள். ஒன்றின் மேல் ரோமானியர்களின் தலைமைக் கடவுளான ஜூபிடரின் கோயில் இருந்தது. கி.மு. 509இல் அது பிரதிஷ்டை செய்யப்பட்டதாக அவர்கள் மரபு சொல்கிறது. போரில் ஜெயித்து வந்த தளபதிகளின் ஊர்வலம் இந்தக் கோயிலில்தான் வந்து முடியும். இன்னொரு சிகரத்தில் ஜூனோ மொனேட்டா என்ற தேவியின் கோயில். ரோமானியர்கள் காசு அடித்த அக்கசாலை அதன் பக்கத்தில்தான் இருந்தது. பணத்துக்கு ஆங்கிலத்தில் "மணி" என்கிறோமே, அந்த வார்த்தையே இந்த "மொனேட்டா"விலிருந்து வந்ததுதான்! அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குக் "கேப்பிடல்" என்று பெயர் வந்ததும் இந்தக் குன்றின் பெயரால்தான்.

வாத்து கதையையும் சொல்லாமல் விட முடியாது. கி.மு. 390 வாக்கில் கால் இனத்தவர் ரோமைப் பிடித்துவிட்டார்கள். மிச்சமிருந்த வீரர்கள் இந்தக் குன்றில் ஒதுங்கியிருந்தார்கள். ஒரு நாள் ராத்திரி எதிரிகள் சத்தமில்லாமல் பாறையைப் பிடித்து ஏறினார்களாம். காவல் நாய்கள்கூடக் குரைக்கவில்லை. ஜூனோ கோயிலின் வாத்துகள்தான் கத்தி எழுப்பிக் குன்றைக் காப்பாற்றின என்று ரோமானியக் கதை சொல்கிறது.

இரண்டு சிகரங்களுக்கும் நடுவே ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில்தான் நம் சதுக்கம் உட்கார்ந்திருக்கிறது. அதன் பின்பக்கம் கி.மு. 78இல் கட்டிய அரசு ஆவணக் காப்பகம் ஒன்று உண்டு. தபுலாரியம் என்று பெயர். அதன் சுவர்களையே அஸ்திவாரமாக வைத்து, இடைக்காலத்தில் அதன் தலைமேல் நகராட்சி மாளிகையைக் கட்டினார்கள். ரோம் மேயரின் அலுவலகம் இன்றைக்கும் அதே மாளிகையில்தான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய சுவர் இன்றைக்கும் பாரம் தாங்குகிறது. நம்ம ஸ்டிரக்சர்ஸ் வாத்தியார் கேட்டால் சந்தோஷப்படுவார்!

ராஜா வருகிறார், குன்று தயாராக இல்லை

காலம் மாறியது. சாம்ராஜ்யம் விழுந்தது. கோயில்கள் இடிந்தன. ஆடு மேய்கிற இடமாகிப்போய், "ஆட்டுக் குன்று" என்றே ஒரு பக்கத்துக்குப் பெயர் வந்துவிட்டது.

1527இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படைகள் ரோமைச் சூறையாடின. அதே சார்லஸ் 1536இல் விருந்தாளியாக ரோமுக்கு வந்தார். பழைய வெற்றி ஊர்வலங்கள் போன வழியில் அவரை அழைத்துப் போகலாமென்றால், ஊர்வலம் முடிய வேண்டிய குன்றோ மேடும் பள்ளமுமாக, சேறும் மண்ணுமாகக் கிடந்தது. இதைச் சரிசெய்தே ஆகவேண்டும் என்று அன்றைய போப்பாண்டவர் மூன்றாம் பால் முடிவு செய்தார். ஆள் யார்? சிற்பி, ஓவியர், கட்டடக் கலைஞர், கவிஞர் எல்லாம் ஒருவரே: மைக்கேல் ஏஞ்சலோ! 1538இல் வேலை ஆரம்பமானபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

கோணலோடு கோணல் சேர்ந்தால் நேர்

இனிதான் விஷயமே இருக்கிறது.

அவருக்குக் கிடைத்த சைட்டில் ஏற்கனவே இரண்டு பழைய கட்டடங்கள். எதிரே நகராட்சி மாளிகை. வலதுபக்கம் கன்சர்வேட்டர்கள் என்ற நகர அதிகாரிகளின் மாளிகை. இரண்டுக்கும் இடையிலுள்ள கோணம் 90 அல்ல, சுமார் 80 டிகிரி! நம்மை அந்த இடத்தில் நிற்க வைத்தால் என்ன செய்வோம்? "சார், ஒண்ணை இடிச்சிட்டு நேரா கட்டிடலாம்" என்போம். பணம் இருந்தால் அதுதான் சுலபம்.

மைக்கேல் ஏஞ்சலோ இடிக்கவில்லை. இடதுபக்கம் மூன்றாவதாக ஒரு மாளிகையை, அதே 80 டிகிரி கோணத்தில், கண்ணாடியில் தெரியும் பிம்பம் மாதிரி எதிர்ப்பக்கம் சாய்த்து வைத்தார். அவ்வளவுதான்! ஒரு பக்கம் மட்டும் கோணலாக இருந்தால் அது குறை. இரண்டு பக்கமும் ஒரே அளவாகக் கோணினால் அது வடிவம். கணக்குப் பாடத்தில் சரிவகம் என்று படித்தோமே, அந்த வடிவம். சமச்சீர் என்பது இதுதான்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. தண்டவாளத்தின் நடுவில் நின்று பார்த்தால் தூரத்தில் இரண்டு கம்பிகளும் ஒட்டிக்கொண்ட மாதிரி தெரியும். எந்த நேர்த் தெருவும் அப்படித்தான் குறுகும். காம்பிடோலியோவில் பக்கத்து மாளிகைகள் இரண்டும் உள்ளே போகப்போக விலகிக்கொண்டே போகின்றன. கண் குறுக்கப் பார்க்கிறது, கட்டடம் விரிக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்ட, எதிரே உள்ள நகராட்சி மாளிகை நம்மை நோக்கி முன்னால் வந்து கம்பீரமாக நிற்கிற மாதிரி தோன்றும். நாம் டிராயிங் வகுப்பில் முட்டி மோதிக்கொள்ளும் பெர்ஸ்பெக்டிவ், இங்கே கல்லாகவே நிற்கிறது.

ஏறுவோம் வாருங்கள்

குன்றடியில் பக்கத்துப் பக்கத்திலேயே இரண்டு வழிகள் மேலே போகின்றன. ஒன்று அரக்கோயெலி மாதா கோயிலுக்குப் போகும் படிக்கட்டு. கொள்ளைநோய்க் காலமான 1348இல் கட்டியது. 124 படிகள், நெட்டுக்குத்தாக ஏறும். பார்த்தாலே மூச்சு வாங்கும்.

இன்னொன்று நம் சதுக்கத்துக்குப் போகும் கோர்டோனாட்டா. இது படியா, சரிவுப் பாதையா என்று சொல்ல முடியாது. இரண்டும்தான்! ஒவ்வொரு படியும் ரொம்ப அகலம், உயரமோ கொஞ்சம்தான், படியே சாய்வாக இருக்கும். குதிரையில் வருகிறவர் இறங்காமலே மேலே போகலாம். ரைசரைக் குறைத்தால் டிரெட்டைக் கூட்டணும் என்று படிக்கிறோமே, அந்த விதியை எல்லை வரைக்கும் கொண்டுபோனால் கிடைப்பது இது. படி ஏறுகிறவரின் முட்டியை நினைத்துக் கட்டிய படி என்று எனக்குத் தோன்றியது. அடியில் கறுப்புக் கல்லில் இரண்டு எகிப்தியச் சிங்கங்கள். உச்சியில் குதிரைகளைப் பிடித்தபடி இரட்டையர்களான காஸ்டர், போலக்ஸ் சிலைகள்.

மேலே ஏறியதும் இருபுறமும் மாளிகைத் தூண்கள். அதுவரைக்கும் மாடிக்கு ஒரு வரிசையாகத் தூண் வைப்பதுதான் வழக்கம். இங்கே தரையிலிருந்து கூரை வரை இரண்டு மாடிக்கும் சேர்த்து ஒரே நெட்டைத் தூணாகச் சுவரோடு ஒட்டி எழுப்பியிருக்கிறார்கள். அதன் பக்கத்திலேயே கீழ்த்தளத்துக்கு மட்டும் குட்டையான தனித் தூண்கள். பெரிய தூண் கட்டடத்துக்கு, சின்னத் தூண் மனுஷனுக்கு என்று புரிந்துகொண்டேன். கட்டடம் எவ்வளவு பெரிதானாலும் பக்கத்தில் நிற்கிறவர் சின்னதாகிவிடக் கூடாது இல்லையா!

நகராட்சி மாளிகையின் முன்னால் இரண்டு பக்கமிருந்தும் ஏறும் இரட்டைப் படிக்கட்டு. அதன் அடியில் இரண்டு நதித் தெய்வங்கள் சாய்ந்து படுத்திருக்கின்றன. ஒன்று நைல். இன்னொன்று டைபர் நதி. வேடிக்கை என்னவென்றால், டைபர் ஆரம்பத்தில் டைக்ரிஸ் நதியாக இருந்தவர்! கையருகே இருந்த புலியை ரோமின் ஓநாயாக மாற்றி, உள்ளூர்க்காரர் ஆக்கிவிட்டார்கள்.

தரையில் ஒரு நட்சத்திரம்

எனக்கு ரொம்பப் பிடித்தது தரைதான். சரிவகத்தின் நடுவில் ஒரு பெரிய நீள்வட்டம். அதற்குள் வெள்ளைக் கல் பட்டைகள் ஒன்றோடொன்று பின்னிப் பின்னி 12 முனை நட்சத்திரமாக விரிகின்றன. இடையில் கருங்கல் பதித்திருக்கிறது. நீள்வட்டத்தின் ஓரம் சில படிகள் தாழ்ந்து, நடு மெதுவாக மேடேறும். ரோட்டுக்கு நாம் கேம்பர் கொடுப்போமே, அதே மாதிரி.

ஏன் நீள்வட்டம்? வட்டம் போட்டிருந்தால் நடுவோடு நின்றுவிடும். எந்தப் பக்கமும் போகச் சொல்லாது. செவ்வகம் போட்டிருந்தால் சுற்றிலும் உள்ள கோணல் பளிச்சென்று தெரிந்துவிடும். நீள்வட்டத்துக்கு நடுவும் உண்டு, திசையும் உண்டு. நம்மை எதிரே உள்ள மாளிகைக்கும் இழுக்கும், நடுவிலேயே நிறுத்தியும் வைக்கும்.

நடுவில் குதிரைமேல் கையை நீட்டியபடி ஒரு வெண்கல மனிதர். கி.பி. 161 முதல் 180 வரை ஆண்ட மார்க்கஸ் அரேலியஸ். மன்னராகவும் தத்துவ ஞானியாகவும் வாழ்ந்தவர். பழைய ரோமின் வெண்கலச் சிலைகள் பெரும்பாலும் உருக்கப்பட்டுவிட்டன. இது மட்டும் எப்படித் தப்பியது? கிறிஸ்தவத்தை ஆதரித்த கான்ஸ்டன்டைன் மன்னரின் சிலை என்று ஆட்களைத் தப்பாக நினைக்க வைத்ததால்தான்! குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே தவிர, காலை ஊன்ற அங்கவடி கிடையாது. ரோமானியர் காலத்தில் அது பழக்கத்திலேயே இல்லை. 1538இல் இங்கே வந்த சிலையை, புகையும் மழையும் அரித்ததால் 1981இல் பழுதுபார்க்க எடுத்தார்கள். 1997 முதல் சதுக்கத்தில் நிற்பது அச்சு அசலான நகல். அசல் பக்கத்து அருங்காட்சியகத்துக்குள் பத்திரமாக இருக்கிறது.

"அப்ப யாரும்மா முடிச்சா?"

எங்கள் அப்பா கொத்தனார். அம்மா சித்தாள். எங்கள் வம்சத்தில் பத்தாவது தாண்டியவள் நான்தான் முதல். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்தக் கட்டடப் படிப்பு? படம் போடுறதுக்கு மூணு வருஷமா?" என்று சொந்தத்தில் கேட்காத ஆள் இல்லை.

இந்த ஷீட்டை வீட்டில் வைத்து மை போட்டுக்கொண்டிருந்தபோது அப்பா வேலை முடிந்து வந்து பார்த்தார்.

"என்னம்மா இது, மார்கழிக் கோலம் மாதிரி இருக்கு?"

ரோமில் ஒரு தரைப்பா என்று சொல்லி, மேலே எழுதிய கதையெல்லாம் சொன்னேன். மைக்கேல் ஏஞ்சலோ 1564இல் இறந்தபோது இரட்டைப் படிக்கட்டு ஒன்றுதான் உருப்படியாக முடிந்திருந்தது என்றும் சொன்னேன். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அப்ப மிச்சத்த யாரும்மா முடிச்சா?"

நல்ல கேள்வி! கன்சர்வேட்டர் மாளிகை, குதிரை ஏறும் படி இதையெல்லாம் ஜியாகோமோ டெல்லா போர்ட்டா என்ற அடுத்த கட்டடக் கலைஞர் தொடர்ந்தார். அவரும் சும்மா இருக்கவில்லை. கன்சர்வேட்டர் மாளிகையில் நடு ஜன்னலை மட்டும் தன் இஷ்டத்துக்குப் பெரிதாக்கினார். இடதுபக்கத்து மூன்றாவது மாளிகை 17ஆம் நூற்றாண்டில்தான் எழுந்தது. இந்த நட்சத்திரத் தரை? அது பதிக்கப்பட்டது 1940இல்!

அப்பா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "ஆள் செத்து முன்னூத்தி எழுவது வருஷத்துக்கு மேல ஆச்சே! யாரு சொல்லிக் குடுத்தா?"

"படம் இருந்துச்சுப்பா."

ஆமாம் நண்பர்களே, படம் இருந்தது. எடியென் டுபெராக் என்ற பிரெஞ்சுக்காரர், மைக்கேல் ஏஞ்சலோ நினைத்த சதுக்கம் முழுவதையும் 1568-69இல் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். அப்போது அங்கே அந்தத் தரை இல்லை, இடதுபக்க மாளிகை இல்லை. ஆனால் காகிதத்தில் எல்லாமே இருந்தது. போப்பாண்டவர்கள் மாறினார்கள், ஆட்சிகள் மாறின, இத்தாலி ஒரே நாடானது. காகிதம் காத்துக்கொண்டே இருந்தது. 1940இல் அந்தப் படத்தை வைத்துத்தான் கல் பதித்தார்கள்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "உங்க தாத்தா சுண்ணாம்புக் காரையில மெத்தை போடுவாரு. எத்தன வருஷம் போனாலும் ஒரு சொட்டு ஒழுகாது. கடுக்கா எவ்வளவு, வெல்லம் எவ்வளவு, எத்தன நாள் அடிக்கணும், எல்லாம் அவரு மனசுல. அவரோட போச்சு."

இன்னும் ஒன்றும் கேட்டார். "படம் போட்டவரு பேரு இருக்கு. மாளிகைக்குச் சொன்னவரு பேரு இருக்கு. அந்தக் கல்லெல்லாம் குந்திக் குந்திப் பதிச்சானே, அவன் பேரு எங்கம்மா இருக்கு?"

அதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. படம் இல்லாமல் அந்தக் கைகளுக்கு எங்கே கல் வைப்பது என்று தெரிந்திருக்காது. அந்தக் கைகள் இல்லாமல் படம் இன்னும் காகிதமாகவே கிடந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் சதுக்கம். ஆனால் பெயர் மட்டும் ஒரு பக்கத்துக்கே போய்ச் சேருகிறது.

அன்றிலிருந்து ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். கயிறு வைத்து மூணு-நாலு-அஞ்சு கணக்கில் அப்பா மூலை எடுப்பது, பூச்சுக்கு மணல் சலிக்கும் பக்குவம், ஓரத்துக்குச் சாரம் கட்டும் விதம், ஒவ்வொன்றையும் கேட்டு எழுதி, பக்கத்தில் அளவோடு படம் போடுகிறேன். முதல் பக்கத்தில் அப்பா பெயரும் அம்மா பெயரும் இருக்கின்றன. படம் போடும் படிப்பு எதற்கு என்று கேட்டவர்களுக்கு என் பதில் அந்த நோட்டுதான்.

பெரிய சம்பவங்கள், சின்னக் காசு

முடிந்த சதுக்கம் சும்மா காட்சிப்பொருளாக நிற்கவில்லை. இங்குள்ள அருங்காட்சியகத்துக்கு வித்து 1471இலேயே விழுந்தது. போப்பாண்டவர் நான்காம் சிக்ஸ்டஸ் சில பழைய வெண்கலச் சிலைகளை ரோம் மக்களுக்குக் கொடுத்தார். 1734இல் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடப்பட்டது. 1957 மார்ச் 25ஆம் தேதி பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் ரோம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது கன்சர்வேட்டர் மாளிகையின் மண்டபத்தில்தான். இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அஸ்திவாரம் அது. சண்டை போட்ட நாடுகள் ஒரே மேஜையில் உட்கார்ந்தன.

1960 செப்டம்பர் 10ஆம் தேதி ரோம் ஒலிம்பிக்கின் மாரத்தான் ஓட்டம் இந்தக் குன்றடியில்தான் புறப்பட்டது. செருப்பில்லாத காலோடு ஓடிய எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா தங்கம் வென்றார். ராஜாவின் ஊர்வலத்துக்காகத் திருத்திய குன்றுக்கு இதைவிடப் பெருமை வேறு என்ன வேண்டும்!

இத்தாலியின் 50 சென்ட் யூரோ காசைப் பார்க்கக் கிடைத்தால் திருப்பிப் பாருங்கள். மார்க்கஸ் அரேலியஸும் அந்த நட்சத்திரத் தரையும் அதில் இருக்கும். "மணி" என்ற சொல்லுக்குப் பிறப்பிடமான குன்று, கடைசியில் காசின் மேலேயே ஏறிவிட்டது!

நமக்கு என்ன?

நண்பர்களே, நாளைக்கு நாம் வேலைக்குப் போகும் சைட் எதுவும் சதுரமாக இருக்காது. ஒரு பக்கம் பழைய சுவர் இருக்கும், இன்னொரு பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு அடி உள்ளே வந்திருப்பார். இடிக்கும் முன்னால் ஒரு தடவை யோசிப்போம்: இந்தக் கோணலுக்கு ஒரு ஜோடி கிடைக்குமா? ஏறி வருகிற பாட்டியின் முட்டிக்கு இந்தப் படி சரியா? தூண் பெரிதாகும்போது மனுஷன் சின்னதாகிவிடுகிறானா?

டிராயிங் ஹாலில் கை வலிக்க வலிக்கக் கோடு போடும்போது சலிப்பாகத்தான் இருக்கும். எனக்கும் இருக்கும். ஆனால் ஒழுங்காக அளவு போட்ட ஒரு தாள், போட்டவரையும் தாண்டி நிற்கும். முகம் தெரியாத ஒரு கொத்தனாருக்கு, பிறக்காத ஒரு காலத்தில், இங்கே வை என்று கல்லைக் காட்டும். அதனால் கோட்டை அழுத்தமாகப் போடுவோம், அளவைத் தெளிவாக எழுதுவோம். கட்டி முடிக்கும்போது கல் பதித்தவர்களின் பெயரையும் ஒரு மூலையில் எழுதி வைப்போம். 90 டிகிரி இல்லாத மூலையாக இருந்தாலும் பரவாயில்லை!